எரியவிட்டுப் பார்க்கிற அக்கா

டார்ச்லைட்டில் போடுகிற செல்லை எங்கள் பக்கம் பேட்டரிக் கட்டை என்றுதான் சொல்வோம். அந்தக் கட்டை மூன்றை மீன்காரி ஒருத்தி கேட்டு வாங்கி, தன் லைட்டில் போட்டு, லைட்டை எரியவிட்டு, எரிகிற லைட்டை அப்படியே காலி மீன்கூடைக்குள் வைத்து மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். "தோ வந்துர்றேன் கடைக்காரம்மா" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குள் போய்விட்டாள். காசும் கொடுக்கவில்லை. நான் அவளை முதல்முதலில் பார்த்தது அப்படித்தான்.

எங்கள் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பல்பு, சுவிட்சு, ஒயரு, கட்டை எல்லாம் விற்போம். என் வீட்டுக்காரர் வீடு வீடாக ஒயரிங் வேலைக்குப் போய்விடுவார். கல்லாவில் நான். எழுபதுகளின் ஆரம்பம் அது, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கூடையைத் தொடலாமா, லைட்டை அணைக்கலாமா என்று தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்க்கெட்டில் மிச்சம் வைத்திருந்த காரப்பொடி மீனையும் விற்றுவிட்டு அவள் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, கட்டையை எரிச்சுத் தீத்துட்டு அப்புறம்தான் வாங்கறதா வேணாமான்னு பாப்பியா? ஓட்டல்ல சாப்ட்டு முடிச்சு, ருசியா இருந்தாத்தான் காசு குடுப்பேன்னு சொல்லுவியா நீ?"

அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. துணியை விலக்கி லைட்டை எடுத்து, வெளிச்சத்தைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள்.

"புதுக் கட்டை எல்லாம் கடைல பளிச்சுன்னுதான் எரியும் மொதலாளி. எங்க வூட்டுக்காரரு கடைல மீன் புடிக்கல. கடல்ல புடிக்கிறாரு."

சொல்லிவிட்டு ஒரு கட்டையை மட்டும் உருவி, அதன் அடியைக் கட்டைவிரலால் தடவி, மேசைமேல் வைத்தாள். "இது வேணாம். வேற ஒண்ணு குடு." என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு எடுத்துக் கொடுத்தார். முழுக் காசையும் வைத்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தன் ஊரான பிள்ளைச்சாவடிக்குப் பஸ் பிடிக்கப் போனாள்.

அதன்பிறகு பல வருஷம் அவள் எங்கள் கடைக்குத்தான் வந்தாள். வேறு கடைக்காரர்கள் அவளை விரட்டியடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளும் கொஞ்ச நாளில் கடைக்காரம்மாவை விட்டுவிட்டுத் தங்கச்சி என்றாள்.

கட்டையைக் கையில் வாங்கினதும் முதலில் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். எடை குறைந்தால் ஒதுக்கிவிடுவாள். அப்புறம் அடித்தகடு உப்பியிருக்கிறதா, தலையில் கருப்பாகக் கீல் பூசியிருக்கிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பாள். இதெல்லாம் யாரும் பார்க்கிறதுதான். அவளுடைய பார்வை அதற்குமேல்தான் தொடங்கும். எரியவிட்டுக் காத்திருப்பாள். செத்துப்போன கட்டையைக்கூட வெயிலில் காயவைத்தோ, கொஞ்ச நேரம் சும்மா போட்டுவைத்தோ எடுத்தால் பளீரென்று எரியும், அதை நம்பினால் போச்சு என்பாள். "அசந்து எழுந்தவன் ரெண்டடி நல்லாத்தான் நடப்பான் தங்கச்சி. நாலு தெரு நடக்கவுட்டுப் பாக்கணும்."

கட்டைக்கு மட்டும் இல்லை இந்தக் குணம். பார்த்து, இருந்து, தெரிந்துகொள்ளாத எதையும் நல்லது என்று அவள் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. நல்லது இல்லை என்று தெரிந்தால் அதை மறைக்கவும் தெரியாது. நான் தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, "எப்படி இருக்குக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன். "உனக்கு எடுக்கல அந்தக் கலரு" என்றுவிட்டுக் கட்டையைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் வாடிக்கையாக வாங்குகிறவர்கள் வந்து கூடைமுன் குந்தினால், "இன்னிக்கு வேணாம்மா, ஐசு மீனு, நாளைக்கு வா" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து விற்கிற பெண்களுக்கு இவளைக் கண்டாலே எரிச்சல்.

ஒருமுறை அவள் அண்ணன் மகளைப் பெண்பார்க்க வீராம்பட்டினத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் பேசி முடிந்து தட்டு மாற்றப் போகிற நேரம். மாப்பிள்ளையின் அம்மா இவளைப் பார்த்து, "பொண்ணு நல்ல பொண்ணுதானே?" என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறாள். "தங்கமான பொண்ணு. சின்னதுல வலிப்பு வரும். இப்ப ரெண்டு வருஷமா இல்ல" என்று இவள் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் வீட்டு வாசல் அன்றோடு அவளுக்கு அடைத்துப்போனது.

"சொல்லாம இருந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"அந்தம்மா கேட்டுச்சே" என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டுக்காரரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நெட்டையாக, ஒடிசலாக, அதிகம் பேசாத மனுஷன். பல்பு மாற்ற வந்தவரிடம் என் வீட்டுக்காரர், "உங்க சம்சாரம் எங்க கட்டையப் படுத்துற பாடு இருக்கே" என்று ஆரம்பித்தார். அவர் சிரித்தார். "அவ பாத்துக் குடுத்த கட்டைன்னா கரைக்கு வர்ற வரைக்கும் நான் அதைப் பத்தி நெனைக்கறதே இல்லைங்க" என்றார். அந்த வருஷங்களில்தான் விசைப்படகுகள் பெருக ஆரம்பித்திருந்தன. அவர் போகிற கட்டுமரம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். விடியுமுன் இருட்டில் படகுக்காரனுக்கு அது கண்ணில் படாது. எஞ்சின் சத்தம் கேட்டதும் மரத்தில் இருக்கிறவன் லைட்டை ஆட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் படகு விலகும்.

ஒரு ஐப்பசியில் அவள் மகளைப் பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிக்கலான பிரசவம். இவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். வீட்டில் லைட்டு மங்கிவிட்டது. "அம்மா வாங்கற கடைலயே வாங்கியா" என்று அப்பா மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகன் செல்வத்துக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. ஆஸ்பத்திரியில் இருந்த தன் அக்காவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்கிறவனிடம் மூன்று கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் அவன் அப்பாவோடு கடலுக்குப் போகவில்லை. அவர் தனியாகப் போனார்.

விசைப்படகு ஒன்று மரத்தின்மேல் ஏறிவிட்டது. வெளிச்சம் எதுவுமே தெரியவில்லை என்று படகுக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அவர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள். மணிக்கட்டில் நைலான் கயிற்றால் கட்டியிருந்த லைட்டு அப்படியே அவரோடு வந்தது.

இதெல்லாம் அவளே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கருமாதிக்கு முன்னால் அவள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. வந்திருந்தாள். மத்தியான வெயிலில், முக்காடு போட்டுக்கொண்டு, கடைக்கு முன்பக்கமாக வராமல் பின்கட்டு வழியாக வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் அழவில்லை. மடியிலிருந்து லைட்டை எடுத்துக் கழற்றி, உள்ளே இருந்த மூன்று கட்டையையும் தரையில் வைத்தாள்.

"பாரு."

நான் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. மேல்காகிதம் கடல் தண்ணீரில் ஊறி உரிந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பழைய காகிதம். எரிந்து தீர்ந்த கட்டையை வெயிலில் வைத்தெடுத்து, புதுக்காகிதம் சுற்றி விற்றிருக்கிறான். கையில் எடுத்தால் கனமே இல்லை.

"பையன் கேட்டுக்கினே இருக்கான் தங்கச்சி. கட்டை கெட்டதாம்மா, கட்டை கெட்டதாம்மான்னு. காய வெச்சிருக்கேன், பாத்துட்டு சொல்றேன்னு வெச்சிருக்கேன். சோறு எறங்க மாட்டேங்குது அவனுக்கு. நேத்து சவுக்குத் தோப்புல கயித்தோட நின்னவனை எங்க கொழுந்தன் பாத்து இழுத்தாந்தாரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இதே மார்க்குல மூணு நல்ல கட்டை குடு. ஒரு கிண்ணம் தண்ணியும், ஒரு பிடி உப்பும் குடு."

கொடுத்தேன். ஒவ்வொரு கட்டையையும் வழக்கம்போல எடை பார்த்தாள். அடியைத் தடவினாள். லைட்டில் போட்டு எரியவிட்டாள். அது எரிகிற வரை இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். நன்றாக நின்று எரிந்தது. அதன்பிறகு அவற்றை வெளியே எடுத்து, உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மேல்காகிதத்தை ஊறவைத்தாள். வாசல் மணலில் உருட்டினாள். நகத்தால் ஓரத்தைக் கிழித்தாள். தலையிலும் அடியிலும் மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டாள். தன் வாழ்நாளில் எத்தனையோ கெட்ட கட்டையைக் கண்டுபிடித்த விரல்கள், மூன்று நல்ல கட்டையைக் கெட்டதுபோல ஆக்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவள் அழுதாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை, கை வேலை செய்தபடியே இருந்தது.

பழைய கட்டை மூன்றையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். நான் அவற்றைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டேன்.

கருமாதிக்கு நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம். கூரைவீடு. உள்ளே நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது. செல்வம் மொட்டைத் தலையோடு ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் நிறைந்திருந்தார்கள். அவள் உள்ளேயிருந்து லைட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"செல்வம். இங்க பாரு. நல்லா காஞ்சிடுச்சு."

கட்டைகளை வெளியே எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். திரும்ப வாங்கி, போட்டு, அழுத்தினாள். கூரையில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது.

"கடல் தண்ணில கெடந்தும் எரியுதா?" என்று அவள் கொழுந்தன் கேட்டார்.

"நல்ல கட்டை தாங்கும்" என்றாள்.

அந்த ஊரில் கட்டையைப் பற்றி அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. எரிகிற லைட்டை டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டாள். எல்லோரும் சாப்பிட்டார்கள், இலை எடுத்தார்கள். செல்வம் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோதும் அது அதே வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் சட்டம் என்னவென்று அவனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறான். திடீரென்று அவன் உடம்பெல்லாம் குலுங்க, "நல்ல கட்டைதான்மா, நல்ல கட்டைதான்" என்று கத்தி அழுதான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு உருண்டை சோறு பிசைந்து வாயில் கொடுத்தாள். விழுங்கினான்.

அப்போது கொழுந்தன் கேட்டார். "அப்படின்னா அண்ணன் ஏன் லைட்டு காட்டல?"

கேட்காமல் இருப்பார்களா? அவள் அதையும் யோசித்துத்தான் வைத்திருப்பாள். ஆனாலும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகன் மடியிலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"கண்ணசந்துட்டாரு" என்றாள்.

அவள் நாத்தனார் எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தாள். "செத்தவன் மேல பழி போடறியாடி? எந்தம்பியா தூங்கினான்? எந்தம்பியா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அக்கா கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மகனுக்கு அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "அந்தாளைப் பாத்தா அப்படித் தெரியலியே, பாவம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வம் பிழைத்துக்கொண்டான். வருஷம் திரும்புவதற்குள் சித்தப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். அவள் மறுபடி கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்தாள், மறுபடி எங்கள் கடையில் கட்டையை எரியவிட்டுக் காத்திருந்தாள். கூடவந்த மீன்காரப் பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள், அந்தத் தூங்கிச் செத்த ஆளு சம்சாரம் என்று. இவள் காதில் விழும். கட்டையின் அடியைத் தடவிக்கொண்டிருப்பாள்.

அதைப் பற்றி என்னிடம் அவள் வாய்திறந்தது பல வருஷம் கழித்து, எண்பதுகளில். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மகன் பிரான்ஸிலிருந்து வந்தபோது ஒருவிதக் கட்டை கொண்டுவந்திருந்தான். தீர்ந்துபோனால் தூக்கிப்போட வேண்டாம், ஒரு பெட்டியில் வைத்துக் கரண்டில் சொருகினால் மறுபடி நிறைந்துகொள்ளும். சொல்தா அதைக் கடைகடையாகக் காட்டிக்கொண்டு திரிந்தார். அன்றைக்கு அவளும் கடையில் இருந்தாள்.

"வெச்சுப் பாரும்மா. இது மாதிரி நீ பாத்திருக்க மாட்ட."

அவள் தன் லைட்டில் போட்டாள். வெளிச்சம் நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. "மங்கலா இருக்கேன்னு பாக்கக்கூடாதுங்க. நின்னு எரியுதான்னுதான் பாக்கணும்" என்று அவரிடமே சொன்னாள். கூடையில் வைத்து மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சொல்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரும் உட்கார்ந்தார். டீ வந்தது, போனது. அவள் துணியை விலக்கிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது மாறாமல் எரிந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துபோனது. தட்டினாள், குலுக்கினாள். ஒன்றும் இல்லை.

"நெறைச்சா சரியாப்பூடும்" என்றார் சொல்தா.

"வூட்டுக்கு ரொம்ப நல்லதுங்க. கடலுக்கு வேணாம். இது சொல்லாம கொள்ளாம போயிடுது. நம்ம கட்டை சாவறதுக்கு முன்ன செவந்து காட்டும். மனுஷன் திரும்பி வர நேரம் இருக்கும்."

அவர் கட்டையை வாங்கிக்கொண்டு போனபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு எங்க வூட்டுக்காரருக்கும் அது செவந்துதான் காட்டியிருக்கும் தங்கச்சி. பாத்திருப்பாரு. வலையக்கூட போடல, வலை மரத்துலயே சுத்தினது சுத்தினபடி இருந்துச்சு. மரம் கரையப் பாத்துத்தான் வந்துக்கினு இருந்துச்சுன்னு படகுக்காரன் ஒருத்தன் சொன்னான். முழிச்சிக்கினுதான் இருந்தாரு. தொடுப்பு போட்டுக்கினு வூட்டுக்கு வந்துக்கினு இருந்தாரு." மரத்தைத் தள்ளுகிற துடுப்பை அவர்கள் தொடுப்பு என்பார்கள்.

"அக்கா, இப்ப செல்வம் பெரிய ஆளாயிட்டான். இப்பவாவது அவன்கிட்ட..."

"இன்னான்னு? நீ வாங்கின கட்டையாலதான் உங்கப்பா செத்தாருன்னா?"

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

செல்வத்துக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அவன் பைபர் படகும் எஞ்சினும் வாங்கியிருந்த நேரம். குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்குச் சீரியல் பல்பு எடுக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தான். ஆள் அப்பாவைப் போலவே நெட்டையாக வளர்ந்திருந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பல்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே நான் கேட்டேன், "தாத்தா பேருதானே வைக்கப் போற?"

அவன் ஊரில் முதல் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். கேட்கவே தேவையில்லை.

"இல்லைங்க சித்தி" என்றான். "கடல்ல தூங்கினவர் பேரு வேணாம். படகுல போற புள்ளை. எதுக்கு?" வெறுப்பாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். "அப்பா நல்லவருதான். ஆனா நான் அவரு மாதிரி இல்ல, ஒரு நாளும் கண்ணசர மாட்டேன். அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது.

"ஆமா தங்கச்சி. உஷாரான புள்ளை."

காசு கொடுத்துவிட்டு அவன் பொட்டலத்தோடு முன்னால் போனான். அவள் படியிறங்கினவள், நின்று, திரும்பிக் கடைக்குள் வந்தாள். அவள் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கே அவர் பெயர் தெரியாது. அவள் என் கிட்டே வந்து, கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, என் காதோரமாகக் குனிந்தாள்.

"அவரு பேரு பக்கிரி" என்றாள்.

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மகன் பின்னால் வேகமாக நடந்தாள்.